மாரியம்மன் மாலையும் கொமந்தாந்தே பட்டமும்

கீழ் டிவிசன், மஸ்கெலியா
29 ஏப்ரல் 2024

அன்பு மருமகள் லோஜினிக்கு, உன் தாய்மாமன் அழகுமுத்து எழுதுவது.

என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். உன் அக்கா சுதர்ஷினியின் போனிலிருந்து உனக்கு எடுத்தேன். குரலைக் கேட்டதும் வெட்டிவிட்டாய். பரவாயில்லை. தபால்காரனை யாராலும் வெட்ட முடியாது. நீ உடப்புசல்லாவையில் இல்லை, லண்டனில் இருந்தாலும் என் கடிதம் வரும்.

நம் டிவிசன் மாரியம்மன் திருவிழா முடிந்தது. உன்னைத் தவிர இலங்கையே வந்திருந்தது. அன்றைக்கு அட்டன் ஸ்டாண்டில் ஒரு பஸ் கூட இல்லையாம், எல்லா பஸ்ஸும் நம் தோட்டத்துக்குத்தான் வந்ததாம். டிரைவர் ஒருத்தரே என்னிடம் சொன்னார்.

கடைசி நாள் அம்மன் கழுத்திலிருந்து இறக்குகிற மாலை யார் கழுத்தில் விழுகிறதோ, அந்த ஆள்தான் அடுத்த திருவிழா வரைக்கும் டிவிசனுக்காகத் தோட்டத்துத் துரையிடம் பேச வேண்டும். இது நம் வழக்கம், உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், இங்கிலீஷ் படித்தவர்களுக்கு இதெல்லாம் மறந்துபோகும். பழைய தலைவர் சின்னராசா மகனோடு கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இடத்துக்கு இரண்டு தொழிற்சங்கத்து ஆட்களும் கோயில் வாசலிலேயே தள்ளுமுள்ளு. பூசாரி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறார். மழை வேறு கொட்டுகிறது.

அந்த நேரத்தில் நான் வந்தேன். தோட்டத்துக் காவலுக்கு வாட்சராக இருந்தபோது உடுத்திய காக்கிச் சட்டையைப் போட்டிருந்தேன். கொழும்புத் துணிக்கடையில் வேலை செய்கிற ஜீவராஜ் ஒரு தொப்பி கொண்டுவந்திருந்தான், முன்னால் சிவப்பு நட்சத்திரம் வைத்தது. அதை என் தலையில் வைத்துவிட்டு, "மாமா, அச்சு அசலா கொமந்தாந்தே மாதிரியே இருக்கீங்க!" என்றான்.

"அப்படின்னா என்னடா?"

"ஸ்பானிஷ் பட்டாளத்துப் பட்டம் மாமா. பெரிய தளபதி. இங்கிலீஷ்லயும் அப்படியேதான் சொல்லுவாங்க."

உடனே எல்லா இளவட்டமும் சேர்ந்து, "கொமந்தாந்தேக்கு வழி விடுங்க! கொமந்தாந்தேக்கு வழி விடுங்க!" என்று கத்தினார்கள். ஆயிரம் பேர் இரண்டாகப் பிரிந்து வழி விட்டார்கள். பூசாரி என்னைப் பார்த்தார். அம்மனைப் பார்த்தார். மாலை அவர் கையிலிருந்து தானாக எழும்பி என் கழுத்துக்கு வந்தது. சத்தியமாக வந்தது, உன் அம்மா ராசம்மாவைக் கேட்டுப் பார்.

இப்போது எனக்கு ஒரு சின்ன விளக்கம் வேண்டும். கொமந்தாந்தே என்றால் சரியாக என்ன? துரைக்கு மேலா, கீழா? இங்கிலீஷில் யாரை அப்படிக் கூப்பிடுவார்கள்? மஸ்கெலியா பாஹிம் பாய் கடையில் வீட்டு வாசலுக்குப் போர்டு எழுதக் கொடுக்க வேண்டும். பதிலை நல்ல தாளில் எழுது. நாலு பேருக்குக் காட்டுகிற மாதிரி இருக்க வேண்டும்.

உன் மாமன்,
கொமந்தாந்தே அழகுமுத்து


உடப்புசல்லாவை
6 மே 2024

மாமாவுக்கு,

உங்களோடு பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கந்தப்பளையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், நான் இங்கிலீஷ் இன்ஸ்பெக்டர் என்றும் எனக்குக் கீழே நாற்பது டீச்சர்மார் கைகட்டி நிற்கிறார்கள் என்றும் சொன்னீர்கள். அவர்கள் விசாரித்தார்கள். நான் மூன்றாம் தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். பொய் சொல்லுகிற குடும்பம் என்று போய்விட்டார்கள். அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்ததா இல்லையா என்று நீங்கள் இன்றுவரை கேட்கவில்லை. இது நிற்க.

நீங்கள் கேட்ட சொல்: ஸ்பெயின் நாட்டுப் பட்டாளத்தில் கொமந்தாந்தே என்பது ஒரு பதவி. கப்டனுக்கு மேலே, லெப்டினன்ட் கேணலுக்குக் கீழே. இங்கிலீஷ்காரர்கள் பட்டாளத்தில் அந்த இடத்தில் இருப்பவரை மேஜர் என்பார்கள். ஆக, பெரிய தளபதி இல்லை. நம் தோட்டத்துக் கணக்கில் சொன்னால் துரையும் இல்லை, கங்காணியும் இல்லை, நடுவில்.

ஆனால் இங்கிலீஷில் அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே எழுதும்போது அர்த்தம் மாறுகிறது. தென் அமெரிக்கப் பக்கத்துப் புரட்சிக்காரத் தலைவர்களைப் பற்றி எழுதும்போதுதான் அப்படி எழுதுகிறார்கள். அதிலும் எழுதுகிறவருக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தால் மரியாதை, பிடிக்காவிட்டால் நக்கல். வீட்டில் எல்லாரையும் அதிகாரம் பண்ணுகிற ஒருவரைக் கேலியாகவும் அப்படிக் கூப்பிடுவார்கள்.

ஜீவராஜ் உங்களைக் கூப்பிட்டது இந்தக் கடைசி வகை. அவன்கள் உங்களை வைத்து விளையாடியிருக்கிறான்கள் மாமா. பூசாரிக்குக் கண் சரியாகத் தெரியாது, மழைக்குப் பயந்து பக்கத்தில் நின்ற கழுத்தில் மாலையைப் போட்டுவிட்டார் என்று அம்மா சொன்னா. மாலையைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். போர்டு எழுதக் கொடுக்காதீர்கள்.

லோஜினி


கீழ் டிவிசன்
13 மே 2024

அன்பு மருமகளுக்கு,

மேஜர்! நான் அப்போதே நினைத்தேன். என் நடையைப் பார்த்தே ஒரு காலத்தில் பொலிஸ்காரர்கள் சல்யூட் அடித்திருக்கிறார்கள்.

உன் கடிதத்தைப் பீலியடியில் தண்ணி எடுக்க வந்த பெண்களுக்கு முன்னால் சத்தமாக வாசித்தேன். கடைசிப் பந்தி மட்டும் மழையில் நனைந்து மை அழிந்துவிட்டது. அதில் நீ என்னைப் பாராட்டி எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன், அதனால் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

போர்டு வந்துவிட்டது. பாஹிம் பாய், "அண்ணே, இது என்ன பாசை?" என்று கேட்டார். "ஸ்பானிஷ் பாய், ஒங்களுக்கு வெளங்காது" என்றேன். அரை மணி நேரம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இங்கே ஒரு சின்ன விசயம் நடந்திருக்கிறது. பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நம் பிள்ளைமடுவத்தை மூடப்போகிறார்களாம். ஆபீசிலிருந்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஜூன் மாதம் முதல் கீழ் டிவிசன் கைக்குழந்தைகளை எல்லாம் மேல் டிவிசன் மடுவத்தில் கொண்டுபோய் விட வேண்டும். ஆயா காளியாயியையும் அங்கேயே மாற்றுகிறார்கள். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு முன்னால் அந்த ஏற்றத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், திரும்ப இறங்கி வந்து, கொழுந்து எடுக்க மலைக்குப் போய், நடுவில் பால் கொடுக்கவும் ஏற வேண்டும். முடிகிற காரியமா? உன் அக்கா மகன் திலக்ஷனுக்கு இன்னும் ஒரு வயசு நிறையவில்லை.

நேற்று அந்தியில் பெண்கள் எல்லாரும் என் வாசலுக்கு வந்தார்கள். நான் ஏதோ போர்டைப் பார்க்க வருகிறார்கள் என்று நினைத்தேன்.

சுதர்ஷினிதான் பேசினாள். "மாமா, மால ஒங்க கழுத்துலதான விழுந்துச்சு. தொரகிட்ட போயி பேசுங்க."

"அது பயலுக வெளையாட்டுக்குத் தள்ளிவிட்டது தானே?" என்று நானே கேட்டேன். பெருந்தன்மைக்குக் கேட்டேன், வேறொன்றுமில்லை.

கூட்டத்தில் பின்னால் நின்ற காளியாயி சொன்னாள்: "பயலுக வெளையாடுவானுங்க. அம்மன் வெளையாடுமா?"

யாரும் சிரிக்கவில்லை லோஜினி. அதனால் நானும், "நாளைக்கே முடிச்சுத் தாறேன், போங்க" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது உடனே எழுது: ஒரு கொமந்தாந்தே இந்த மாதிரி நேரத்தில் முதலில் என்ன செய்வார்?

மேஜர் கொமந்தாந்தே அழகுமுத்து


உடப்புசல்லாவை
20 மே 2024

மாமா,

நான் பேனையால் அழுத்தி எழுதியது மழைக்கு அழியாது. சரி, விடுங்கள்.

நாளைக்கே முடித்துத் தருகிறேன் என்று ஏன் சொன்னீர்கள்? அக்கா அதை நம்பிக்கொண்டு இருக்கிறாள். அவளுக்கு வேறு வழி இல்லை. அத்தானுக்கு நுவரெலியாவில் வேலை, வாரத்துக்கு ஒரு தரம்தான் வருகிறார். அம்மாவுக்கு மூட்டு வலி, பிள்ளையைத் தூக்க முடியாது. மடுவம் மூடினால் அக்கா வேலையை விட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போக வேண்டும். இது விளையாட்டு இல்லை.

பட்டாளத்தில் பட்டம் மேலேயிருந்து வருகிறது. கொமந்தாந்தேக்கு மேலே இருப்பவர் உத்தரவு கொடுப்பார், கீழே இருப்பவர்கள் செய்வார்கள். உங்களுக்கு மேலே யார்? கீழே யார்? உங்களுக்கு உத்தரவு போட ஆள் இல்லை, நீங்கள் சொன்னால் கேட்கிற ஆளும் இல்லை. அந்தப் பெண்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்: எனக்குத் துரையோடு பேசத் தெரியாது, சங்கத்து ஆள் ஒருவரைப் பிடியுங்கள் என்று. இன்னும் நாள் இருக்கிறது.

இதை எழுதிவிட்டு ஒட்டுவதற்கு முன்னால் பாடசாலை நூல்நிலையத்தில் இன்னும் கொஞ்சம் தேடினேன். எனக்கே குழப்பமாகிவிட்டது. அந்த நாடுகளில் மலைக்குள் இருந்தவர்கள் கொமந்தாந்தே என்று கூப்பிட்ட ஆட்களில் பாதிப் பேர் எந்தப் பட்டாளத்திலும் இருந்ததே இல்லை. அவர்களுக்கு யாரும் மேலேயிருந்து பட்டம் கொடுக்கவில்லை. கூட நின்றவர்கள் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். இன்னொரு புத்தகத்தில் பார்த்தால், ஸ்பானிஷ்காரர்கள் பிளேன் ஓட்டுகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். எது சரி என்று என்னால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

ஆனால் உங்களுக்குப் பேச வராது என்பது மட்டும் எனக்குத் தெரியும். வாட்சர் வேலையில் இருந்த காலம் முழுக்க துரையின் ஜீப் சத்தம் கேட்டாலே தலைத்துண்டை இழுத்து அக்குளில் வைத்தவர் நீங்கள்.

லோஜினி


கீழ் டிவிசன்
27 மே 2024

அன்பு மருமகளுக்கு,

கேட்டுக்கொள். நான் ஆபீசுக்குப் போனேன்.

தொப்பி, காக்கிச் சட்டை, கால் வரைக்கும் பளபள. பெரிய துரை புதுசு, வந்து ஒரு வருசம்தான் ஆகிறது, நாற்பது வயசுக்குள். கதவைத் திறந்துகொண்டு நுழைந்தேன். என்னைப் பார்த்ததும் துரை கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டார்! "சிட் டவுன், கொமந்தாந்தே" என்றார். நான் உட்காரவில்லை. மேசையில் ஒரு அடி அடித்தேன், மைக்கூடு எகிறி சின்னத் துரையின் வெள்ளைக் கால்சட்டையில் விழுந்தது.

"புள்ளமடுவத்துல கை வச்சா இந்த மலையில ஒரு கொழுந்து எறங்காது!" என்றேன்.

துரைக்கு முகம் வெளுத்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்றார். கிளார்க்மார் எல்லாம் ஜன்னலால் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர் அழுதுவிட்டார்.

பெண்களிடம், காரியம் முக்கால்வாசி முடிந்தது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ ஒன்றும் யோசிக்காதே. நூல்நிலையத்தில் தேடுவதையும் நிறுத்திவிடலாம்.

அழகுமுத்து


உடப்புசல்லாவை
3 ஜூன் 2024

மாமா,

நீங்கள் ஆபீசுக்குள் போகவில்லை.

காலையில் போய் வாசல் படிக்குக் கீழே நின்றீர்களாம். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டீர்களாம். உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் வழி விட்டீர்களாம். ஒரு கிளார்க், "என்ன வாட்சர், யாரப் பாக்கணும்?" என்று கேட்டதற்கு, "இல்லைங்க, சும்மா" என்றீர்களாம். அந்தியில் ஆபீஸ் பூட்டினதும் திரும்பி வந்தீர்களாம். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காவும் மற்ற பெண்களும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

கோபத்தில் நேற்று ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். கந்தப்பளை ஆட்களிடம் நீங்கள் சொன்ன பொய் என் ஒருத்தியோடு போனது. இது அந்தப் பிள்ளைகளின் விசயம்.

"அன்னைக்கு ராத்திரி எல்லாரும் மாமாவப் பாத்துச் சிரிச்சிருப்பீங்களே?" என்று அக்காவிடம் போனில் கேட்டேன்.

"ஏன் சிரிக்கணும்? காலையிலருந்து பொழுது சாயுற வரைக்கும் மழையில நின்னாரு. வேற யாரு நின்னா?" என்றாள்.

எனக்கு அவள் சொன்னது விளங்கவில்லை. உள்ளே போகாமல் நிற்பதில் என்ன இருக்கிறது? உங்களுக்காவது விளங்குகிறதா?

மடுவத்தை மூடியாகிவிட்டதா? காளியாயி போய்விட்டாளா? அக்காவின் போன் இரண்டு நாளாக எடுபடவில்லை. அலங்காரம் இல்லாமல் எழுதுங்கள்.

லோஜினி


பிள்ளைமடுவம், கீழ் டிவிசன்
7 ஜூன் 2024

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தின் முதல் பந்தியைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

மேலே இருக்கிற விலாசத்தைப் பார். இப்போது என் இருப்பு இங்கேதான். காளியாயியை மேல் டிவிசனுக்கு அனுப்பிவிட்டார்கள். துரை வந்து மடுவத்தைப் பூட்டப்போவதாகத் தகவல் வந்தது. அன்றைக்கு ராசம்மா வீட்டில் எல்லாப் பெண்களும் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் பின்பக்கமாகப் போய்விடலாம் என்று பார்த்தேன், உன் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

சுதர்ஷினி சொன்னாள்: "வெறும் மடுவத்தத்தான் பூட்ட முடியும். புள்ளைங்க உள்ள இருக்கையில பூட்ட முடியாது. நாங்க எப்பவும் போல காலையில புள்ளைங்கள விட்டுட்டு மலைக்குப் போறோம். உள்ள ஒரு ஆள் இருக்கணும். எங்கள்ல ஒருத்தி நின்னா வேலைக்கு வரலன்னு பேர வெட்டிப்புடுவாங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேலையிலிருந்து நின்றவன், என் பெயரை எதிலிருந்தும் வெட்ட முடியாது.

"ஆம்பளைக்குப் புள்ள பாக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கொமந்தாந்தேக்குத் தெரியாததா?" என்றாள் உன் அம்மா. கேலியா மரியாதையா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. நீ எழுதிய இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தது.

லோஜினி, என் ஆயுளில் யானையை விரட்டியிருக்கிறேன். (சரி, யானை இல்லை, காட்டுப்பன்றி. ஒன்று.) ஆனால் இது வேறு. ஒன்று அழுதால் எல்லாம் அழுகிறது. ஏன் என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியவில்லை. நட்சத்திரத் தொப்பியைக் காட்டினால் சிரிக்கும் என்று காட்டினேன், ஒரு பெண்பிள்ளை அதை வாங்கி அதற்குள்ளேயே ஒன்றுக்கு இருந்துவிட்டது. கழுவிக் காயப்போட்டிருக்கிறேன். மழைக்குக் காய மாட்டேன் என்கிறது. பத்து மணிக்குத் தாய்மார் பால் கொடுக்க வரும்போது நானும் அவர்களோடு சேர்ந்து அழலாமா என்று இருக்கிறது.

நேற்று கண்டாக்கையா வந்து ஜன்னலால் எட்டிப் பார்த்தார். துரைக்கு அடுத்து மலையில் அதட்டுகிற ஆள் அவர்தானே. "ஏய் வாட்சர், இது தோட்டத்துக் கட்டடம். பொலிசுக்கு எழுதினா உள்ள போவ தெரியுமா?" என்றார். அப்போது நான் ஒரு பிள்ளைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன், கையில் துணி குத்துகிற ஊசி. அவர் பக்கம் தலையைத் திருப்பவில்லை. வீரத்தில் இல்லை. ஊசி பிள்ளைக்குக் குத்திவிடும் என்று.

நாளைக்குத் துரையே பூட்டோடு வருகிறாராம்.

பயமாக இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்று எழுதியிருப்பேன். நீ கேட்கவில்லை, அதனால் ஒன்றும் எழுதவில்லை.

திலக்ஷன் எழும்பிவிட்டான்


உடப்புசல்லாவை
14 ஜூன் 2024

மாமா,

இங்கே பஸ்ஸில் கூட உங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் துரை வந்தபோது எழும்பாமல் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் இருக்கிறாராம். பூட்டோடு வந்த துரை பூட்டோடு திரும்பிப் போனாராம். பேர் தெரியாது, ஏதோ வெளிநாட்டுப் பட்டம் சொல்கிறார்கள் என்று பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா சொன்னா. நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஜீவராஜ் அழைத்திருந்தான். "சும்மா வெளையாட்டுக்குத்தான் கத்துனோம் அக்கா, இப்ப எனக்கே பயமா இருக்கு" என்றான்.

ஆனால் அக்கா வேறு மாதிரிச் சொல்கிறாள். திலக்ஷன் காய்ச்சலில் காலையிலிருந்து அழுது, அப்போதுதான் உங்கள் மடியில் தூங்கினானாம். அசைந்தால் எழும்பிவிடுவான் என்றுதான் நீங்கள் எழும்பவில்லையாம்.

எது உண்மை? துரையை எதிர்த்து உட்கார்ந்தீர்களா, பிள்ளைக்காக உட்கார்ந்தீர்களா? இரண்டாவதுதான் என்றால் அதையே சொல்லுங்கள். எனக்கு அது போதும்.

துரை மறுபடி வந்தாராமே. அக்காவிடம் கேட்டேன். "அத மாமாவே எழுதட்டும்" என்று வைத்துவிட்டாள். அம்மாவும் அதையேதான் சொன்னா.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனாலும் இதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். போனில் சொன்னால் நீங்கள் கூட்டுவீர்கள்.

லோஜினி


கீழ் டிவிசன்
19 ஜூன் 2024

லோஜினிக்கு,

முதலில் நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். கந்தப்பளை ஆளை உனக்குப் பிடித்திருந்ததா? பிடித்திருந்தால் சொல். நானே போய், நான் சொன்னது பொய், பிள்ளை மூன்றாம் தரத்துக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள், ஆனால் நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள் என்று சொல்லிவிட்டு வருகிறேன். படிக்குக் கீழே நிற்க மாட்டேன்.

இப்போது உன் கேள்வி. உன் அக்கா சொன்னதுதான் நடந்தது. பிள்ளை மடியில் தூங்கினான். துரை, கண்டாக்கையா, பூட்டு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. துரை வந்தால் எழும்ப வேண்டும் என்பது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, காலே எழும்பும். அன்றைக்கும் எழும்பப் பார்த்தது. இரண்டு கையாலும் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்டாக்கையா, "தொர வந்திருக்காரு, எந்திரி!" என்று சத்தம் போட்டார். நான் வாயில் விரலை வைத்து, "ஷ்ஷ்" என்றேன். அவருக்குத்தான் சொன்னேன். துரை தனக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார், போய்விட்டார்.

எங்கள் லயத்து வீடுகளிலிருந்து எல்லாரும் வந்து, "எதுத்து ஒக்காந்துட்டீங்களே" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் வாயை உனக்குத் தெரியும்.

ஆனால் மறுநாள் நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. அதைத்தான் உனக்கு எழுத வேண்டும்.

துரை தனியாக வந்தார். ஜீப்பைக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கையில் பூட்டு இல்லை. பத்து மணி, தாய்மார் வந்து பிள்ளைகளை வாங்கிக்கொண்டு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மடுவத்துக்குள் நான் மட்டும். மடியில் பிள்ளை இல்லை. தலையில் தொப்பியும் இல்லை, அது இன்னும் காயவில்லை. அவர் உள்ளே வந்து எனக்கு முன்னால் நின்றார்.

நான் எழும்பவில்லை.

வேண்டுமென்று இல்லை லோஜினி. கோபமும் இல்லை. பயம் கூட இல்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். எழும்பலாம் என்று நினைத்தேன். கால் பேசாமல் இருந்தது. யாரோ வேறு ஒருத்தனுடைய கால் மாதிரி இருந்தது. அவரும் என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். உட்காருவதற்குப் பிள்ளைகளுடைய குட்டி பெஞ்சு ஒன்றுதான் இருந்தது. அதில் உட்கார்ந்தார். முழங்கால் அவர் தாடை வரைக்கும் வந்துவிட்டது. நெடுநேரம் நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவருக்கும் விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு அவர், "அந்த மேட்டுல புள்ளைங்கள தூக்கிட்டுப் போறது கஷ்டமா?" என்று கேட்டார். சிங்களவர் என்றாலும் தோட்டத் தமிழ் நன்றாகவே பேசுகிறார். நான் வாசலில் நின்ற சுதர்ஷினியைக் கை காட்டினேன். அவள் திலக்ஷனை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் வந்து சொன்னார்கள். துரை அந்தக் குட்டி பெஞ்சிலேயே இருந்து கேட்டார்.

காளியாயி திங்கட்கிழமை திரும்பி வருகிறாள். இந்த வருசம் மடுவத்தை மூடுவதில்லை. அடுத்த வருசம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

போவதற்கு முன்னால் துரை என் பக்கம் திரும்பினார். "ஒங்க பேர் என்ன?" என்று கேட்டார்.

இத்தனை வருசத்தில் எந்தத் துரையும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. வாட்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அழகுமுத்து" என்றேன்.

பட்டத்தைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும் என்பது அவருடைய ஜீப் வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

உன் மாமன்